கச்சானைக் கச்சேரி என்று கேட்ட டேப்

புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லாரும் ஒரு மாதிரி சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் பார்க்கப் போகிறேன் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். ஜூலை கடைசி வாரம், வியாழனும் வெள்ளியும், திருக்கோவிலூரிலிருந்து கிளம்பிப் போய் ஒரு நாலாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இந்தப் பதிவில் பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்ப் படம் கிடையாது. காகிதப்பூக் கொடியும் கிடையாது. அது வேண்டுமென்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நிதியுதவிப் பள்ளியில் இருபது வருடமாக ஆசிரியை. எங்கள் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு டேப், அதாவது கைக்கணினி, வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுப் பச்சையோ சிவப்போ போடும் ஒரு செயலியும் அதோடு வரும். அதே செயலி புதுச்சேரியில் என் தோழி ஜரீனாவின் பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து ஓடுகிறது. "போய்ப் பாத்துட்டு வாம்மா, வேணுமா வேணாமான்னு நீயே எழுதிக் குடு" என்று தலைமையாசிரியர் பள்ளி வேலையாகவே கணக்கு வைத்து இரண்டு நாள் ஓ.டி. கொடுத்தார். கூடவே ஒரு படிவமும் கொடுத்தார். எண்ணிக்கை, மின்வசதி, அலமாரி என்று எல்லாக் கட்டங்களையும் பேருந்திலேயே நிரப்பிவிட்டேன். 'கருவியின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், எதற்கு என்றுதான் தெரியவில்லை.

வியாழன் காலை 5.40க்குத் திருக்கோவிலூரில் பேருந்து ஏறினேன். விழுப்புரம் 37 கிலோமீட்டர், டிக்கெட் 32 ரூபாய், 6.45க்கு இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் டீயும் ஒரு மெதுவடையும். வடை நேற்றையது என்று சந்தேகம், இருந்தாலும் தின்றேன். ஏழு மணிக்குப் புதுச்சேரி வண்டி. சுமார் 40 கிலோமீட்டர், 35 ரூபாய், 8.10க்குப் புதுச்சேரி பேருந்து நிலையம். இடப்பக்க ஜன்னல் சீட்டில் உட்காராதீர்கள், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கண்ணை மூடித் தூங்குகிறவர்களுக்குப் பரவாயில்லை.

அங்கிருந்து கடலூர் சாலையில் போக வேண்டும். பள்ளி அரியாங்குப்பத்தைத் தாண்டி, தவளக்குப்பம் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் இருக்கும். இந்த ஊரில் பங்கு ஆட்டோவை டெம்போ என்பார்கள். 20 ரூபாய். தனி ஆட்டோ கேட்டால் 250 என்று சொல்லி, முகத்தைப் பார்த்துவிட்டு 200க்கு இறங்குவார்கள். எனக்கு டெம்போவில் ஓட்டுநர் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட, பேச்சு ஆரம்பித்தது.

"டீச்சரா நீங்க? நல்லதாப் போச்சு. எம் பொண்ணு ஆறாவது படிக்குது. ஓம்வொர்க்கு போன்லதான் வருது. போனக் குடுத்தா படிக்குதா பாக்குதான்னே தெரியல. புடுங்குனா ஓம்வொர்க்கு போச்சுன்னு அழுவுது. நீங்களே சொல்லுங்க, குடுக்கட்டுமா, புடுங்கட்டுமா?"

"பக்கத்துல உக்காந்து பாருங்க" என்றேன், ஆசிரியைக் குரலில்.

"நான் அங்க உக்காந்துட்டா இந்த வண்டிய யாரு ஓட்டுறது?" என்றார். பின் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்கு என் படிவத்தின் காலிக் கட்டம் ஞாபகம் வந்தது.

பாலம் தாண்டியதும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று ஒரு பலகை கண்ணில் படும். முதல்முறை வந்தபோது எழுத்துப்பிழை என்று நினைத்துக் கையில் சாக்பீஸ் இல்லையே என்று வருந்தியவள் நான். அது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல், இங்கே அதுதான் சரி என்று ஜரீனாதான் சொன்னாள். ஊருக்கு ஊர் சரி மாறும் என்பதை அப்போதே கற்றுக்கொண்டிருக்கலாம். எங்கே கற்றுக்கொண்டேன்!

ஜரீனாவும் நானும் விழுப்புரத்தில் ஆசிரியர் பயிற்சி ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே விடுதி அறை. அவள் குடும்பம் புதுச்சேரி டவுனில் மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம். இவள் ஒருத்திதான் சாக்பீஸ் பிடித்தாள். பள்ளி வாசலில் என்னைக் கண்டதும், "வாடி பூங்கொடி, என்னாடி இப்புடி எளச்சுட்ட?" என்றாள். நான் நாலு கிலோ ஏறியிருக்கிறேன். அவள் எப்போதும் இப்படித்தான், அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும்.

நாலாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள், பதினாலு டேப். முதல் பாடவேளை வாசிப்பு. ஜரீனா சொன்ன முதல் வாக்கியம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது: "எல்லாரும் கம்முன்னு இருங்க, பேசுனா டேப்புக்குக் கேக்காது." ஒரு வாசிப்பு வகுப்பில் ஒருத்தர் வாசிக்க, மற்ற இருபத்தேழு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். திரையில் சிவப்பு விழுந்தால் ஒரு 'டொய்ங்' சத்தம். பச்சை விழுந்தால் கைத்தட்டல் சத்தம், அதுவும் டேப்பே தட்டிக்கொள்வது.

குறை சொல்லவே போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆஃப்ரின் என்று ஒரு சின்னப் பெண். அவளுக்கு 'சக்கரம்' என்ற சொல் வரவே இல்லை. பதினோரு தடவை சொன்னாள், நான் எண்ணினேன். டேப் பதினோரு தடவையும் முகம் சுளிக்காமல் கேட்டது. பன்னிரண்டாவது தடவை பச்சை. அந்தப் பெண் தன் பாவாடையைத் தானே பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். நான் என் வகுப்பில் யாரையாவது பதினோரு தடவை சொல்லவிட்டிருக்கிறேனா? மூன்றாவது தடவையே "சரி, உக்காரு" என்று சொல்லியிருப்பேன். அந்த இடத்தில் டேப்புக்கு மனதார ஒரு கும்பிடு போட்டேன்.

கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் ஒரு பெண் டேப்பைத் தன் பக்கத்தில் இருந்தவளிடமே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தபோது உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். டேப் பத்து நொடி காத்திருந்துவிட்டு 'டொய்ங்' என்றது. பின்னாலிருந்து யாரோ, "கச்சேரி, பாடு" என்றார்கள். வகுப்பு கிளுக்கென்று சிரித்தது. ஜரீனா அதட்டியதும் அடங்கியது.

மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு ஜரீனா விஷயத்தைச் சொன்னாள். பெண்ணின் பெயர் தர்ஷினி. அரியாங்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறாள். அப்பா படகில் போகிறவர், அம்மா தவளக்குப்பத்தில் மீன் விற்பவர். மூன்றாம் வகுப்பு வரை வகுப்பிலேயே சத்தமாக வாசிக்கிறவள் இவள்தானாம். ஜூனில் காற்றுப் பாடம் வந்தது. கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து வீசுவது கோடை, வடக்கு வாடை, தெற்கு தென்றல். நம் எல்லாருக்கும் தெரிந்த பாடம்தான். டேப் கேட்டது: மேற்கிலிருந்து வீசும் காற்றின் பெயர் என்ன? தர்ஷினி பாடத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு டேப்பிடம் ஓடி, "கச்சான்!" என்றாள்.

இந்தச் செயலி தான் கேட்ட பதிலைக் கேள்வியோடு சேர்த்து முழு வாக்கியமாக எழுதிக் காட்டும். திரையில் பெரிய எழுத்தில், சிவப்பில், இப்படி வந்தது: 'மேற்கிலிருந்து வீசுவது கச்சேரி.'

நான் சிரித்துவிட்டேன். ஜரீனா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் பெயர் கச்சேரி. அன்றிலிருந்து அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

"ஏண்டி, மத்த குப்பத்துப் புள்ளைங்களுக்குக் கச்சான்னா தெரியாதா?"

"பத்துப் பேருக்குத் தெரியும் பூங்கொடி. அதுங்களும்தான் சிரிச்சுதுங்க. டேப்பே தப்புன்னு சொல்லிடுச்சுல்ல, அப்ப நம்ம வூட்டு வார்த்ததான் தப்பு போலன்னு நெனச்சுடுச்சுங்க."

அவளுடைய கவலை அதோடு முடியவில்லை. ஐந்து வாரம் தொடர்ந்து சிவப்பு வந்தால் பிள்ளையின் பெயர் 'தனிக் கவனிப்பு' என்ற பட்டியலுக்குப் போக வேண்டும். பட்டியலில் இருப்பவர்கள் தமிழ் வேளையில் வேறு அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அ, ஆ என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். தர்ஷினிக்கு அது ஐந்தாவது வாரம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பட்டியலை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். "அவ நல்லா படிக்கிறவ டி. அந்த ரூமுல கொண்டுபோய் உக்கார வச்சா அப்பால வாயே தொறக்க மாட்டா. பேரப் போடலன்னா ஏன் போடலன்னு என்னக் கேப்பாங்க. நான் எதக் காட்டுறது?" என்றாள். அவள் டிபன் பாக்ஸில் சோறு அப்படியே இருந்தது.

சாயங்காலம் 4.30க்குத் தவளக்குப்பம் சந்திப்புக்கு நடந்தோம், ஒன்றரை கிலோமீட்டர். மீன் வாங்கத்தான். தர்ஷினியின் அம்மாவிடம்தான் ஜரீனா எப்போதும் வாங்குவாள். அவர் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே பேசினார்.

"வூட்ல வாய மூடவே மாட்டா டீச்சர். அவங்கப்பா கரைக்கு வந்தா கேள்வி மேல கேள்வி, அந்த மனுசன் தூங்க முடியாது. ஸ்கூல்ல பேசலன்னு நீங்க சொல்றீங்க." கத்தி நின்றது. "பட்டியல் கிட்டியல்னு சொல்லுதுங்க புள்ளைங்க. எம் பொண்ணுக்கு எதனா கொறையா டீச்சர்?"

இருபது வருட அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு நான் பழகவே இல்லை. "ஒரு கொறையும் இல்லம்மா" என்று ஜரீனா சொன்னாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு மீன் கூடுதலாகப் போட்டார், எதற்கு என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது.

பேருந்து பிடித்து டவுனுக்கு வந்து மீனை ஜரீனா வீட்டில் கொடுத்துவிட்டு, கடற்கரைச் சாலைக்கு நடந்தோம். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், நடப்பதற்கு அதுதான் நேரம். செல்ஃபி எடுக்கிறவர்களை இடித்துக்கொள்ளாமல் நடக்கத் தனிப் பயிற்சி வேண்டும். சுண்டல் 20 ரூபாய், மாங்காய் சேர்த்தால் 30. கறுத்த பாறைகளைப் பார்த்தபடி கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் ஜரீனா. "அன்னிக்கு நானும் சிரிச்சேன் டி. கச்சேரின்னு அது காட்டுனதும் எனக்குத் தாங்கல. அவ என்னத்தான் பாத்தா. கிளாஸ் சிரிச்சதுக்கு அவ வாய மூடல, நான் சிரிச்சதுக்குத்தான் மூடுனா. அப்பறம் ஒண்ணு தெரியுமா? நான் பொறந்ததுலேர்ந்து கடலுக்கு ஒரு கிலோமீட்டர்ல இருக்கேன். கச்சான்னா என்னன்னு எனக்கும் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் நான் அவளக் கேக்கல."

ஆறுதல் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. சுண்டல் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினேன், மாங்காயை எல்லாம் அவள் பொறுக்கித் தின்றாள்.

வெள்ளி காலை 9.30. பள்ளிக்கூட மைதானத்தில் புழுதி கிழக்கே பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. காற்று சூடாக இருந்தது. வாசிப்பு வேளையில், "இன்னைக்குப் பூங்கொடி மிஸ் வாசிப்பாங்க" என்று ஜரீனா அறிவித்தாள். அது என் யோசனைதான். சரியான வாசிப்பு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம், தர்ஷினிக்கும் துணிச்சல் வரும் என்று நான்தான் பெரிய மனுஷித்தனமாகச் சொல்லியிருந்தேன். ழகரம் சொல்லிக்கொடுப்பதில் எங்கள் பள்ளியில் எனக்கு நல்ல பெயர். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு டேப்பைக் கையில் எடுத்தேன்.

"மழை பொழிந்ததும் தவளைகள் வெளியே வந்தன."

டொய்ங். திரையில்: 'மலை பொலிந்ததும் தலைகள் வெளியே வந்தன.'

ஒரு நொடி யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. மறுபடி வாசித்தேன், இன்னும் அழுத்தி. டொய்ங். மறுபடியும் தலைகள். முன்வரிசைப் பையன் ஒருவன், "அப்ப நம்ம ஊரு தலக்குப்பமா மிஸ்?" என்றான். அவ்வளவுதான். வகுப்பே பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. நான் அவமானத்தில் சிவந்துபோய் மூன்றாவது தடவை வாசித்தேன். டொய்ங். காதெல்லாம் சூடாகிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் எனக்கே இப்படி என்றால் ஒன்பது வயதில் எப்படி இருக்கும்!

கடைசி வரிசைக்கு முந்தின வரிசையைப் பார்த்தேன். தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், ஆனால் தோள் இரண்டும் குலுங்கின. அவளும் சிரிக்கிறாள். எனக்கு அந்தச் சிரிப்பு போதும்.

நேராக அவளிடம் போனேன். "உனக்குக் கச்சேரி, எனக்குத் தலை. ரெண்டு பேருக்கும் செகப்பு. சரி, அது போவட்டும். கச்சான்னா என்னம்மா? நெசமாவே எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல கடலே கெடையாது."

அவள் நம்பவில்லை. டீச்சர்கள் தெரிந்துகொண்டே கேட்பவர்கள் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஜரீனாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜரீனா கரும்பலகையை விட்டு வந்து அவள் பெஞ்சிலேயே ஓரமாக உட்கார்ந்தாள். "எனக்கும் தெரியாது பாப்பா. அன்னிக்குத் தெரியாமலே சிரிச்சுட்டேன். தப்புதான். சொல்லித் தர்றியா?" என்றாள். வகுப்பே அமைதியாக இருந்தது. இந்த முறை டேப்புக்காக இல்லை.

"மேக்கால இருந்து வரும்" என்றாள் தர்ஷினி. அவ்வளவு மெதுவாக. பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "தோ, இப்ப அடிக்குதுல்ல, அதான் மிஸ். சுடும். புழுதி கெழக்க போவுது பாருங்க."

"அது அடிச்சா என்ன ஆவும்?"

"கரையில அல இருக்காது. தண்ணி கண்ணாடியாட்டம் கெடக்கும். படகு சொம்மா எறங்கிடும். ஆனா போனவங்க திரும்பி வர்றதுக்குத்தான் கஷ்டம், காத்து எதுக்க நிக்கும். எங்கப்பா இன்ஜினு சாஸ்தி வைப்பாரு, டீசலு குடிக்கும். மத்தியானம் கொண்டல் வந்துடும். கொண்டல் வந்தா அல ஏறும், ஆனா வூட்டுக்கு வர்றவங்களத் தள்ளிக் குடுக்கும்."

'கொண்டல்' பாடத்தில் இருக்கிறது. கிழக்கிலிருந்து வீசும் காற்று என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது வீட்டுக்கு வருகிறவர்களைத் தள்ளிக் கொடுக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதற்குள் மற்ற குப்பத்துப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். "எங்க மாமா கச்சான்ல மாட்டிக்கினாரு மிஸ்!" என்று ஒருத்தி. ஆஃப்ரின் கையைத் தூக்கி, "அப்ப எங்க வூட்டு மாடியில துணி பறந்து போச்சே, அது கச்சானா கொண்டலா?" என்று கேட்டாள். "எந்தப் பக்கமா போச்சு?" என்று தர்ஷினி திருப்பிக் கேட்டாள், ஒரு டாக்டர் விசாரிப்பதைப் போல.

ஜரீனா டேப்பை எடுத்து அந்தச் செயலியை மூடினாள். டேப்பிலேயே சாதாரண ஒலிப்பதிவு வசதி ஒன்று இருக்கிறது, இத்தனை நாள் யாரும் தொட்டதில்லை. அதைத் திறந்து தர்ஷினி முன்னால் வைத்தாள். "இவங்க சாயங்காலம் திருக்கோவிலூர் போயிடுவாங்க. அங்க இருக்கற புள்ளைங்க யாருக்கும் கடல் தெரியாது. நீயே சொல்லி அனுப்பு. பிடிச்சா அமுக்கு, இல்லன்னா வேணாம்."

தர்ஷினி அமுக்கினாள். நாலு நிமிடம் பேசினாள். ஒரு இடத்தில் கூட 'டொய்ங்' இல்லை.

மாலை 3.40க்கு ஜரீனா பட்டியலைத் திறந்தாள். தர்ஷினியின் பெயர் தானாகவே ஏறியிருந்தது. அதை நீக்கினால் 'காரணம்' என்று ஒரு பெட்டி கேட்கும். அவள் எழுதியது: 'பிள்ளைக்குத் தெரிகிறது. கருவிக்குக் கேட்கவில்லை. ஒலிப்பதிவு இணைத்துள்ளேன்.' அனுப்பும் பொத்தானை அமுக்கும் முன் ஒருமுறை என்னைப் பார்த்தாள். "மேலேர்ந்து கேப்பாங்க டி" என்றாள். "கேக்கட்டும், நல்லா காது குடுத்துக் கேக்கட்டும்" என்றேன். அனுப்பிவிட்டாள். ஒப்புக்கொள்வார்களா என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

ஊர் திரும்பும் முன் தவளக்குப்பத்துக்குப் போனோம். தர்ஷினியின் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அந்தப் பதிவை ஏற்றியிருந்த ஜரீனாவின் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு நாலு நிமிடத்தையும் கேட்டார். சாலையில் லாரிகள் போன சத்தத்தில் இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் போனை நீட்டிச் சொன்னார்: "எல்லாம் சொன்னா, சோழகத்த வுட்டுட்டாளே இந்தக் கழுத!" அப்புறம்தான் சிரித்தார். சிரிக்கும்போது கண் நிறைந்திருந்தது. சோழகம் தெற்கத்திக் காற்றாம். அதுவும் எங்கள் இருவருக்கும் தெரியாது.

5.30க்குப் புதுச்சேரியில் பேருந்து ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தது இதுதான். விடை தெரிந்துவைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒன்றிடம் பிள்ளை வாசித்தால், அதற்குப் பெயர் ஒப்பித்தல். தெரியாத ஒருவரிடம் சொன்னால்தான் அது பேச்சு. பன்னிரண்டாவது தடவைக்கும் பொறுமையாகக் காத்திருக்க டேப் வேண்டும், ஆஃப்ரினுக்காகச் சொல்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் எந்தக் கருவி வந்தாலும் அது பிள்ளையின் குரலைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறதா, தொண்டையிலேயே நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டியது நாம்தான். இருபது வருடம் நானே எத்தனை பேருக்கு 'டொய்ங்' அடித்திருக்கிறேன் என்றும் யோசித்தேன். விழுப்புரம் வரும்வரை அந்தக் கணக்கு முடியவில்லை.

உங்களில் பள்ளி பார்க்கவே போகிறவர்கள் இருந்தால் சில விஷயங்கள். ஒரு வாரம் முன்பே தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். குரலைப் பதிவு செய்வதானால் பிள்ளையிடமும் வீட்டிலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கடலூர் சாலையில் காலை 8.30க்கு மேல் பாலத்தில் நெரிசல், அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தோழி வீடு இல்லாதவர்களுக்குப் பேருந்து நிலையம் அருகே 900 ரூபாயிலிருந்து சாதாரண அறை கிடைக்கும், வெள்ளி சனியில் இரட்டிப்பாகும். குடையும் தண்ணீரும் கட்டாயம். ஜூலையில் காலையில் கச்சான் அடிக்கும், சுடும். இதை இப்போது நானே சொல்கிறேன் பாருங்கள்! முக்கியமாக, வகுப்பில் இருக்கும் டேப்பிடம் நீங்களும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சிவப்பு வந்தால் பிள்ளைகள் முன்னால் வருவது நல்லது.

திங்கட்கிழமை படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். 'கருவியின் நோக்கம்' கட்டத்தில், 'நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல, தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்க' என்று எழுதினேன். தலைமையாசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப வேணுமா வேணாமா?" என்றார். வேண்டும் என்றேன், ஒலிப்பதிவை முதலில் திறந்துவைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஜரீனாவிடமிருந்து செய்தி. ஒலிப்பதிவை ஒப்புக்கொண்டுவிட்டார்கள், தர்ஷினி அவள் பெஞ்சிலேயே இருக்கிறாள். கூடவே ஒரு குரல் பதிவு. என் வகுப்பு முழுவதையும் கூப்பிட்டு நடுவில் போனை வைத்தேன். கூச்சமே இல்லாத, சத்தமான குரல்: "வணக்கம்! இது நாலாங்கிளாஸ் கச்சேரி. பேரு நான்தான் வச்சேன். இன்னிக்குக் காலைல கச்சான், மத்தியானம் கொண்டல். நாளைக்குச் சோழகம் பத்திச் சொல்லுவேன்."

என் வகுப்பில் ஒருத்தி போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, மூச்சுவிடாமல் பதில் பேசினாள்: "அக்கா, நாளைக்கு வரைக்கும் எங்களால இருக்க முடியாது. சோழகம்னா என்ன?"

ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. முதலில் ஒரு சிரிப்பு. பிறகு அதே குரல், அவ்வளவு பிரியமாக:

"இதுகூடத் தெரியாதா உங்களுக்கு? சரி, சொல்றேன், கேளுங்க."